சுத்தி வா

ஹால் சின்னது என்று யார் சொன்னாலும் நான் லேசில் நம்புவதில்லை. பெரும்பாலும் ஹால் சின்னதாக இருக்காது, சோபாதான் பெரிதாக இருக்கும். ஆறு பேர் உட்காருகிற சோபாவை இரண்டு பேர் இருக்கிற வீட்டில் வாங்கிப் போட்டுவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று எனக்குப் போன் செய்வார்கள். அடுக்குமாடி வீடுகளை வசதியாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். வசதி என்றால் என்ன என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: வீட்டுக்குள் நடக்கும்போது எதிலும் இடித்துக்கொள்ளக் கூடாது. மற்றதெல்லாம் திரைச்சீலை வியாபாரம்.

இந்த வீட்டிலிருந்து போன் செய்தவர் அண்ணி. யாருக்கு அண்ணி என்றால், கூடவே குடியிருக்கும் நாத்தனாருக்கு. ஒருவர் கணவரை இழந்திருந்தார், மற்றவர் அண்ணனை. இரண்டும் ஒரே ஆள்தான். அவர் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று போனிலேயே சொன்னார்கள்.

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் என்றதும் எனக்குள் இருக்கிற வம்புக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஏமாற்றம்தான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே என் உயிரை வாங்கினார்கள். தட்டில் ஒரு பிஸ்கட் மிச்சம் இருந்தது. "நீ எடுத்துக்கோ" என்றார் அண்ணி. "வேணாம் அண்ணி, நீங்க எடுத்துக்கோங்க" என்றாள் நாத்தனார். அது நமத்துப் போகும்வரை அங்கேயே கிடந்தது. பாசத்தில் விட்டுக்கொடுத்தால் முகத்தில் ஒரு சிரிப்பாவது இருக்கும். இவர்கள் கடன்பட்டவர்கள் மாதிரி ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் பேசினார்கள்.

"ஹால்ல இருக்கவே முடியல. ரொம்ப நெருக்கமா இருக்கு" என்றார் அண்ணி. "நீங்க சரி பண்ணிக் குடுத்தீங்கன்னா இங்கயே இருப்போம். இல்லன்னா வித்துட்டு, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன். இவ ஒரு ஹாஸ்டல் பாத்துக்கிறேன்னு சொல்றா."

நான் சுற்றிலும் பார்த்தேன். ஹாலில் ஒன்றுமே இல்லை. ஜன்னல் ஓரமாக மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு காலண்டர், அவ்வளவுதான். நடுவில் கிரிக்கெட் ஆடலாம். என்னை என்ன கேனச்சி என்று நினைத்தார்களா என்று எரிச்சல்தான் முதலில் வந்தது.

முதல் நாள் நான் எதையும் வரைவதில்லை. டேப்பைக்கூட வெளியே எடுப்பதில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து, வீட்டு ஆட்கள் எங்கே எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்ப்பேன். எங்கள் வேலையில் புழக்கம்தான் எல்லாம். வாயால் சொல்வது ஒன்று, கால் போகிற வழி வேறு. கால் பொய் சொல்லாது என்பது என் நம்பிக்கை.

"நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோங்க" என்றேன்.

"பழகிக்கிறோம்" என்றாள் நாத்தனார். அது ஜோக்கா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வீட்டின் அமைப்பு சுலபமானது. ஹாலுக்கு ஒரு பக்கம் படுக்கையறைகள். எதிர்ப்பக்கம் சமையலறையும் வாசல் கதவும். படுக்கையறையிலிருந்து நேராக ஹாலைக் கடந்தால் சமையலறை, சின்னக் குழந்தைகூடக் கண்ணை மூடிக்கொண்டு போய்விடும். அண்ணி அப்படிப் போகவில்லை. கதவைத் தாண்டியதும் இடதுபக்கம் திரும்பி, சுவரை உரசிக்கொண்டு, ஹாலைச் சுற்றிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் துவைத்த துணியோடு வந்தாள். அவளும் சுவரோரமாகத்தான் போனாள். பக்கெட்டை உயரத் தூக்கிப் பிடித்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, எதையோ தட்டிவிடாமல் போவது போலப் போனாள்.

அப்புறம்தான் சுவரைக் கவனித்தேன். தோள் உயரத்தில் ஒரு கறுத்த பட்டை சுற்றிலும் ஓடியது. வருடக்கணக்காகத் தோள் உரசிப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு அது. தரையிலும் ஓரத்து டைல்ஸ் தேய்ந்து மங்கியிருந்தது. நடுவில் மட்டும் நேற்று பதித்த மாதிரி பளபளத்தது. அந்தப் பளபளப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மெல்லிசாக ஒரு விசில் சத்தம் வேறு எங்கிருந்தோ கேட்டுக்கொண்டே இருந்தது. பழைய ஃபிரிட்ஜ் போல என்று விட்டுவிட்டேன்.

ஜன்னல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க எழுந்தேன். எனக்கென்ன சுவரோரம் போக வேண்டும் என்று தலைவிதி, நேராக நடுவில் நடந்தேன். பாதி வழியில் இடுப்பில் சுரீர் என்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே ஒன்றுமில்லை. கால் பிசகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓரமாகவே திரும்பி வந்தேன். மறுநாள் குளிக்கும்போது பார்த்தால் இடுப்பெலும்புக்கு மேல் ஒரு கன்றிப்போன நீலம். மேஜை முனை இடித்தால் வருமே, அப்படி. ஆபீஸ் ஸ்டூலைத் திட்டித் தீர்த்தேன்.

இரண்டாம் முறை போனபோது நாத்தனார் மட்டும் இருந்தாள். வீட்டை விற்பதில் உனக்குச் சம்மதமா என்று நேரடியாகவே கேட்டேன். அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"அண்ணி போயிட்டா எனக்குன்னு யாரும் இல்ல. ஆனா இருங்கன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் இல்ல."

"ஏன், என்ன சண்டை?"

"சண்டை போட்டிருந்தா நல்லாயிருக்கும்" என்றாள்.

அந்த வீடு என்னைப் படுத்த ஆரம்பித்திருந்தது. வேறு வீட்டு வரைபடத்தில் கோடு போடும்போதும் அந்த விசில் காதுக்குள் கேட்டது. சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிட்டுத் தலைமுழுகலாம் என்று உட்கார்ந்து வரைந்தேன். பார்த்த புழக்கத்தையெல்லாம் அம்புக்குறியாகப் போட்டேன். அம்புகள் எல்லாம் ஹாலைச் சுற்றி வளைந்தன. நடுவில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கட்டம் மிஞ்சியது. பழக்க தோஷம், அந்தக் கட்டத்துக்கு நான்கு கால் போட்டு, பக்கத்தில் குறிப்பும் எழுதிவிட்டேன்: 'இங்கே உள்ள பெரிய மேஜையை எடுத்துவிட்டால் ஹால் தாராளமாக இருக்கும்.' எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை.

வரைபடத்தைக் காட்டப் போன அன்று இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். படுக்கையறைப் பக்கத்து ஜன்னலோரம் மூன்று நாற்காலிகளிலும் உட்கார்ந்தோம். அலமாரிக்கான பலகை மாதிரிகளோடு என் கார்பென்டரையும் வரச் சொல்லியிருந்தேன். அண்ணி காகிதத்தை விரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டேபிள் இருந்துச்சுன்னு யார் சொன்னது உங்களுக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். "யாரும் சொல்லல" என்றேன்.

"நீ சொன்னியா?" என்று காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நாத்தனாரிடம் கேட்டார். "இல்ல அண்ணி" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்துக் கார்பென்டர் வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, தோளில் பலகைகளோடு நேராக எங்களைப் பார்த்து நடுஹாலுக்குள் கால் வைத்தார். நான் வாயைத் திறந்தேன்.

"சுத்தி வா."

அந்தக் கார்பென்டர் என்னைவிட வயதில் மூத்தவர். பத்து வருடமாக அவரை நான் வாங்க, போங்க என்றுதான் பேசி வருகிறேன். குரல் என்னுடையதுதான், ஆனால் தலையை நிமிர்த்தாமல், சலிப்பாக, ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய மாதிரி வந்தது. அவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"எத சுத்தி மேடம்?"

திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க வீட்டுக்காரர் சொல்றது அது" என்றார் அண்ணி. பிறகு அண்ணியே விவரம் சொன்னார்.

அவர் கணவர் காது மெஷின் ரிப்பேர் செய்கிறவர். காது கேட்காதவர்கள் போட்டுக்கொள்வார்களே, அந்தக் குட்டி மெஷின். வேலை முழுக்க வீட்டில்தான். ஹால் முழுக்க அடைத்துக்கொள்கிற மேஜை ஒன்றை வாங்கிப் போட்டு, அதன் மேல் கடுகளவு திருகாணிகளைப் பரப்பியிருப்பார். யாராவது இடித்தால் அன்றைய வேலை போச்சு. அதனால் யார் குறுக்கே வந்தாலும் தலையைக் கூட நிமிர்த்தாமல் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். மெஷினில் கோளாறு இருந்தால் விசில் அடிக்கும். மேஜையில் காதை வைத்துப் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"அன்னைக்குக் காலைலயும் அப்படித்தான் படுத்திருந்தாரு" என்றார் அண்ணி. "விசில் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. வேலையா இருக்காருன்னு நெனச்சேன். சுத்திப் போயி காபி போட்டேன். சுத்தி வந்து ஓரமா வெச்சேன். ஆடை படிஞ்சிருந்துச்சு, மறுபடி சுத்திப் போயி சூடு பண்ணி எடுத்துட்டு வந்தேன். ஒரு சத்தம் வரல, ஒரு இடி இடிக்கல. மத்தியானம் வரைக்கும் அவரை நான் சுத்திக்கிட்டே இருந்தேன்."

அவர் என்னிடம் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நாற்காலியை லேசாகத் திருப்பிப் போட்டு, முதல்முறையாக நாத்தனாரைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு தடவ இடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல? உங்க அண்ணன் அப்ப இருந்தாரா போயிட்டாரான்னு டாக்டர்கிட்ட கேக்கவே இல்ல. பயம். டேபிள அறுத்து வெளிய எடுத்தாச்சு, ஆனா உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அது அங்கதான் இருக்கு. அதான் போயிடலாம்னு பாத்தேன்."

நாத்தனார் கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"நான் ஆபீஸ் போறப்ப நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க அண்ணி."

"ஆமா."

"அப்பவே அப்படித்தான் இருந்தாரு. ராத்திரி பூரா முழிச்சு அசந்துட்டாரு போலன்னு நெனச்சேன். செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, சுவத்தோட ஒட்டிச் சுத்திப் போனேன். உங்களுக்கு முந்தியே நான் போனேன் அண்ணி. சொன்னா நீங்க என்னை மன்னிக்க மாட்டீங்கன்னு..."

கார்பென்டர் பலகைகளை மெதுவாக இறக்கிச் சுவரில் சாய்த்தார். அந்த விசில் இப்போது தெளிவாகக் கேட்டது. ஃபிரிட்ஜ் இல்லை. கார்பென்டரும் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார்.

அண்ணி எழுந்தார். இடதுபக்கம் திரும்பவில்லை. நாற்காலியிலிருந்து நேராக, நடுஹாலைப் பார்த்து நடந்தார். பளபளத்த டைல்ஸ் மேல் அவர் கால் பட்டதும் எனக்கு இடுப்பு வலித்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்தார். வயிற்றுக்குக் கீழே எதுவோ முட்டியது போல உடம்பு குலுங்கி நின்றது. கையை நீட்டினார். ஒரு தோளைத் தொடுகிற உயரத்தில் கை காற்றில் நின்றது.

"என்னங்க" என்று கூப்பிட்டார். அசந்து தூங்குகிறவரை எழுப்புகிற சத்தம்தான். "என்னங்க, எந்திரிங்க."

விசில் நின்றுவிட்டது. அது நின்ற பிறகுதான் அந்த வீடு எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது. நாத்தனார் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவளும் நேராகத்தான் போனாள். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். நானும் கார்பென்டரும் போவதா இருப்பதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணி என்னிடம் வந்தபோது வரைபடம் என் கையில் கசங்கியிருந்தது. மேஜையை எடுத்துவிடச் சொன்ன குறிப்பை அழித்துவிடுகிறேன் என்றேன். தொழில் பேச்சு தவிர வேறெதுவும் எனக்கு வாயில் வரவில்லை.

"அந்த எடத்துல ஒரு டேபிள் போட்டுக் குடுங்க" என்றார். "சின்னதா போதும், நாங்க ரெண்டு பேரு உக்காந்து சாப்பிட. வழியில முனை கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கட்டும். போறப்ப வர்றப்ப இடிச்சுக்கிற மாதிரி."