கிண்ணங்களுக்கு நடுவே குவான்யின்

மேயூன் ஏழாவது பொட்டலத்தையும் பிரித்துவிட்டாள். அதிலும் கிண்ணம்தான்.

அப்பாவை அடக்கம் செய்து, விருந்தும் முடிந்திருந்தது. தொண்ணூற்றெட்டு வயதில் தூக்கத்திலேயே போன மனிதருக்காக அழ ச்சுவான்ஜோ ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை. வாசலில் பேண்டுக்காரர்கள் கல்யாணப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் சிவப்புத் தாள் சுற்றிய கிண்ணங்களை நைசாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நூறை நெருங்கியவர் வீட்டுக் கிண்ணத்தைத் திருடினால் அவர் ஆயுசும் கூடவே வரும். கேட்டு வாங்கினால் பலிக்காது என்பது ஊர் நம்பிக்கை.

குவான்யின் அம்மன் சாவைப் பார்க்கக் கூடாதென்று அவளையும் சிவப்புத் தாளில் சுற்றி வைத்தது மேயூன்தான். இப்போது பிரிக்க வந்தால் ஆளைக் காணோம். சாண் உயர வெண்கலச் சிலை. ஆடை விளிம்பில் முடியளவு மெல்லிய வெள்ளிக் கம்பி மேகம் மேகமாகப் பதித்திருக்கும். எத்தனை தலைமுறைப் பழசு என்று அப்பாவுக்கே தெரியாது. அவரைப் பார்த்துக்கொண்ட இருபது வருடமும் மேயூன் விடிந்ததும் பார்த்த முதல் முகம் அதுதான்.

"அண்ணா, அம்மன நீ எடுத்தியா?"

குவோதோங்கின் முகம் சிவந்தது. புத்தாண்டுக்கு ஷியாமெனிலிருந்து வந்தபோது, அம்மனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னவன் அவன்தான்.

"அப்பாவப் பொதச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள என்னைத் திருடன்கிறியா? இனிமே இந்தப் பக்கம் வந்தேனா பாரு!"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒரே நாளில் அப்பாவோடு அண்ணனும் போகிறானே என்று அவள் பின்னாலேயே ஓடினாள்.

வாசலை மறித்துக்கொண்டு வந்து நின்றார் சாய் சித்தப்பா. அப்பாவோடு தினமும் சதுரங்கம் ஆடியவர், தொண்ணூற்றொரு வயது. கையில் பாதி கிழிந்த சிவப்புப் பொட்டலம். கிழிசலில் வெள்ளி மேகம் மின்னியது.

"என்னடி கிண்ணம் இது? கவுத்துப் பாத்தேன், நிமுத்திப் பாத்தேன், சோறு போட இடமே இல்ல! கனம் வேற! உங்கப்பன் ஆயுசு மொத்தமும் இதுலதான் இருக்குன்னு தோள் வலிக்கத் தூக்கிட்டுப் போனேன்."

மேயூனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அண்ணனும் சிரித்துவிட்டான். அவள் அம்மனை வாங்கிக்கொண்டு கிண்ணம் ஒன்றை நீட்டினாள். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"குடுத்தா பலிக்குமா? எனக்கு இன்னும் ஏழு வருஷம் வேணும். ரெண்டு பேரும் சுவத்தப் பாத்து நில்லுங்க!"

வாத்தியார் நிற்கவைத்த பிள்ளைகளாட்டம் நின்றார்கள். பின்னால் தாள் சரசரத்தது. எதுவும் பிடிக்கவில்லை போலும். ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"அம்மன் இங்கயே இருக்கட்டும்," என்றான் அண்ணன், சுவரைப் பார்த்தபடி.

அவள் அவன் கையிலிருந்த பையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

"திரும்பாதீங்க," என்றார் சித்தப்பா. "இன்னும் எடுக்கல!"