ஊஞ்சலில் தொங்கிய சோதனைப் பலகை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்மணி, துண்டில் சுற்றிய எதையோ மடியில் வைத்திருந்தார். மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் முடியாது என்றார். வளைவுகளில் கம்பியைப் பிடிக்காமல் அதையே பிடித்துக்கொண்டார். என்னவென்று கேட்டேன். அடிவாரம் வருவதற்குள் முழுவதையும் சொன்னார். பெயர் ஹேமலதா. எழுதலாமா என்றேன்.

"எழுதுங்க. அழுகாச்சியா மட்டும் எழுதிப்போடாதீங்க."

2

முதல் தொடக்கம்: மூடுபனி அந்த மலையை ஒரு வெண்ணிறப்

(வேண்டாம். ஏற்காடு என்றாலே எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். ஹேமலதாவுக்கு மூடுபனி என்றாலே எரிச்சல். ஏனென்று இதோ வருகிறது.)

இரண்டாம் தொடக்கம்: ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை என்ற ஊருக்கு மேலே ஓர் எஸ்டேட்டின் பழைய காப்பிக் குடோனை வாடகைக்கு எடுத்து, பெங்களூர் கம்பெனி ஒன்று சின்ன ஆய்வுக்கூடம் நடத்திவந்தது. படிப்பை முடித்த கையோடு ஹேமலதா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். (கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்'. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.)

வேலை இதுதான். உலைக்குள் வாயுவைச் செலுத்திச் சூடேற்றினால், ஒரு வட்டச் சில்லின் மேல் கார்பன் நானோகுழாய்கள் கறுப்புப் புல்வெளிபோல முளைக்கும். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய புல். அதன் ஓரத்தை பிளேடால் தொட்டு மெதுவாக இழுத்தால், குழாய்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு புகையைப்போல ஒரு தாளாக நீண்டு வரும். தாள்களைக் கார்பன் துணிகளுக்கு நடுவே அடுக்கி, பிசின் பூசி அழுத்தி, அடுப்பில் வைத்து இறுக்கினால் பலகை. அந்தப் பலகையைத் துண்டுகளாக அறுத்து, எந்திரத்தில் மாட்டி, உடையும்வரை இழுப்பார்கள். எவ்வளவு தாங்கியது என்பதுதான் கேள்வி.

தாள் இழுக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஓர் ஓரம். முகக்கவசத்தைத் தாண்டி வரும் மூச்சுக்கே தாள் அலையும். ஜன்னல் இடுக்கில் பனி புகுந்தால் அன்றைய வேலை பாழ்.

மறு ஓரத்தைப் பிடித்தவன் சிவக்குமார். அதே மலையில் வாழவந்தி ஊர்க்காரன், டிப்ளமோ முடித்தவன். மிளகு விலை, காட்டுப்பன்றி, பஸ் டிரைவரின் இரண்டாம் கல்யாணம் என்று நாள் முழுக்கப் பேசுவான். தாள் வரும்போது மட்டும் வாய் மூடியிருக்கும். அந்த நேரத்தில்தான் ஹேமலதா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். மார்கழிக் குளிரில், பலகை இறுகும் அடுப்பின் பக்கத்தில் இருவரும் கைகளைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். சூடு ஏறினால் குடோன் சுவரிலிருந்து பழைய காப்பி வாசம் கிளம்பும். பின்னாளில் பெங்களூரில் எவ்வளவோ நல்ல காப்பி குடித்தும் அந்த வாசம் வரவில்லை என்றார்.

3

(இங்கே காதல் என்று எழுதலாமா? அவரிடமே கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "தாள் முடிஞ்சதும் அவன் பேச ஆரம்பிச்சுருவான். எனக்கு நொம்ப வருத்தமா இருக்குமுங்க" என்றார். அதற்குமேல் நான் எதையும் சேர்க்கவில்லை.)

சில வருடங்கள் கழித்துக் கம்பெனி குடோனைக் காலி செய்து எல்லாவற்றையும் பெங்களூருக்குக் கொண்டுபோனது. ஹேமலதாவும் போனாள். தன் காப்பித் தோட்டத்தை விட்டு வர முடியாதென்று சிவக்குமார் நின்றுவிட்டான். இருவரும் கடைசியாகச் செய்த பலகையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

4

இப்போது பெங்களூரில் தாளை எந்திரம் இழுக்கிறது. ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் வைத்துச் சோதித்த பலகைகள் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டன. வெயில் மழையில் சில வருடங்களில் இப்படித்தான் ஆகுமென்றால் இந்த வேலையே வேண்டாம் என்றது நிர்வாகம். ஹேமலதாவின் குழுவும் அதோடு கலையும். நிஜமான மழையில் நனைந்த பழைய பலகை ஒன்று கிடைத்தால் உண்மை தெரிந்துவிடும். அப்படி இருக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், சிவக்குமார் கேட்டு வாங்கிக்கொண்டது. அவள் மலையேறினாள்.

(முதல் வரைவில் சிவக்குமாரை நொடித்துப்போனவனாக எழுதியிருந்தேன். ஒழுகும் கூரை, இருமல். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவர் சொன்ன ஆள் காப்பியும் ஆரஞ்சும் போட்டு நன்றாக இருந்தான், கொஞ்சம் தொப்பையோடு. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.)

பலகை அவன் வீட்டுப் பலாமரத்தில் ஊஞ்சலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் துளை போட்டுக் கயிறு கோர்த்திருந்தான். துளைகளைப் பார்த்ததும், ஓட்டை போட்ட இடம் பலமிழந்திருக்குமே என்றாள் ஹேமலதா. மறுகணமே மண்டியிட்டு ஓரங்களை விரலால் தடவினாள். எங்கும் பிரியவில்லை. அவன் மகள் பிறந்ததிலிருந்து வீட்டில் எல்லாரும் ஆடியிருக்கிறார்கள், தான்கூட என்றான் சிவக்குமார்.

அவன் மனைவி கவிதா விஷயத்தைக் கேட்டதும், புள்ளைக்கு வேறு பலகை மாட்டிக்கொள்ளலாம், கழற்றிக் கொடுங்க என்றாள். அவன் கயிற்றை அவிழ்த்தான். தயங்கியது ஹேமலதாதான். அந்தக் குடோனில் செய்ததில் இது ஒன்றுதான் மிச்சம், அறுத்துவிட்டால் அதுவும் போய்விடும், வேறு வழி பார்க்கிறேன் என்று எழுந்தாள்.

சிவக்குமார் பலகையைத் துடைத்துத் துண்டில் சுற்றி அவள் கையில் வைத்தான்.

"ஏனுங்க மேடம், ஒடைக்கறதுக்குத்தானுங்க இதை நாம செஞ்சோம்."

5

முடிவுக்காகப் பிறகு போன் செய்தேன். துளைகளுக்குப் பக்கத்தில் அறுத்த துண்டுகள் சீக்கிரம் உடைந்தனவாம். மற்றவை புதுப் பலகைக்குச் சற்றே குறைவாகத் தாங்கின. அடுக்குகள் பிரியவில்லை. வேலை தொடரும், குழுவும் இருக்கும். சிவக்குமாரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, ஆரஞ்சு எப்போது பழுக்கும் என்று அரைமணி நேரம் பேசினானாம்.

இங்கே நிறுத்தியிருப்பேன். ஆனால் போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். ஒரு துண்டை மட்டும் அவர் எந்திரத்தில் மாட்டவில்லை. மேசைமேல் இருக்கிறது. அதையும் உடைத்தால் கணக்கு இன்னும் உறுதியாகும் என்கிறார்கள் குழுவில்.

அவர் உடைத்ததாக எழுதினேன். கல்நெஞ்சாக இருந்தது. மலைக்குத் திருப்பி அனுப்பியதாக எழுதினேன். அந்த வீட்டில் அதை யார் என்ன செய்ய? கைப்பைக்குள் வைத்துக்கொண்டதாக எழுதி, அவர்

போன வாரம் மறுபடி கேட்டேன். "நீங்க என்ன எழுதியிருக்கீங்க?" என்றார். இன்னும் எழுதவில்லை என்றேன். "அப்ப இருக்கட்டுமுங்க."

இருக்கட்டும். எந்திரம் அடுத்த அறையில் இருக்கிறது. துண்டு ஒரு சாண் நீளம்தான், எடையே தெரியாது. நீங்கள் எடுத்துப் பாருங்கள்.