திரும்பிக் கூப்பிடாத கல்லூரி

பாத்திரக்கடைக்காரர் சரக்கு வாங்கப் போகிற இடத்தில் பேரம் படியாவிட்டால் எழுந்து நடந்துவிடுவார். வாசலைத் தாண்டுவதற்குள் விற்கிறவன் "அட, வாங்க அண்ணே" என்று கூப்பிட்டாக வேண்டும். மகளுக்கு இன்ஜினியரிங் கல்லூரி பார்க்க வந்த இடத்திலும் அதையே செய்தார்.

"நல்ல மார்க்குக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி. அதுக்கு மேல வழியில்லை சார்" என்றார் அட்மிஷன் மேடம்.

"முக்காலாத் தள்ளுங்க. இல்லேன்னா எதிர்லயே இன்னொரு கல்லூரி இருக்கு." எழுந்துவிட்டார். மகளும் எழ வேண்டியதாயிற்று.

எதிர்க் கல்லூரியை அவள் காலையிலேயே பார்த்தாயிற்று. கட்டணம் கொள்ளை மலிவு. லேப் பூட்டில்தான் துரு. இங்கேயோ லேப் வாசலிலேயே ஈயம் உருகும் வாடை. உள்ளே ஒருத்தி மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். படித்தால் இங்கேதான். ஆனால் முக்கால் தள்ளினால்தான் அப்பாவால் கட்ட முடியும்.

மாடிப்படியில் அப்பா நடையைக் குறைத்தார். பிறகு குனிந்து, ஒழுங்காக இருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார்.

"என்னம்மா, கூப்பிடக் காணோம்?"

"கூப்பிட மாட்டாங்கப்பா. நாம விட்ட சீட்டுக்கு வெளிய வரிசை நிக்குது. இது என்ன உங்க கடைக் குண்டானா, விக்காம தூசி படிய?"

"குண்டானைப் பேசாதே. அதுதான் சோறு போடுது."

அவள் மட்டும் திரும்பிப் போனாள்.

"மேடம், இந்தத் தள்ளுபடி நாலு வருஷமும் உண்டா?"

"எழுபத்தஞ்சு பர்சென்டுக்குக் குறையாம வாங்கினா உண்டு. பாதிப் பேர் ரெண்டாம் வருஷமே கோட்டை விட்டுடறாங்க."

"அப்ப அவங்க விட்ட பணம் மிச்சம்தானே? எனக்கு எண்பத்தஞ்சுன்னு வைங்க. ஒரு செமஸ்டர் குறைஞ்சாலும் அதுக்கப்புறம் முழுக் கட்டணம் கட்டறேன். தள்ளுபடியை மட்டும் முக்காலாக்குங்க."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா நீ, எந்தச் சந்தையில வளர்ந்தே?"

"அந்தச் சந்தை படியில ஷூ கட்டிக்கிட்டிருக்கு மேடம்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல்வர் அறைக்குள் போனார். வெகுநேரம் கழித்து வந்து, "சரின்னுட்டார்" என்றார்.

அப்பா மேலே வந்து நிபந்தனையைக் கேட்டதும் கொதித்தார். "ஒரு தடவை சறுக்கினா முழு விலையா? யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டே?"

"படிக்கப்போறது நான்தானே. கையெழுத்துப் போடுங்கப்பா."

"மேடம், ஒரு எண்பதுன்னு வெச்சு..."

அவள் பேனாவை அவர் கையில் திணித்தாள். அவர் போட்டார். மை காய்வதற்குள் அவள் மேடத்திடம் கேட்டாள்:

"லைப்ரரி எந்தப் பக்கம்? இன்னிக்கே உள்ள விடுவாங்களா?"