மூலைப் பெட்டிக்குள் அலாஸ்கா

வண்டி நின்றதற்குக் காரணம் நான்தான். கடைசி பெட்ரோல் பங்கில் வரிசை நீளமாக இருந்தது. டேங்கில் பாதி இருக்கிறது, அடுத்த ஊர் எண்பது மைல்தானே என்று நிற்காமல் வந்துவிட்டேன். நூற்றைம்பது மைல் தாண்டியும் ஊரைக் காணோம். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த என் மச்சினன் ஆரின், சத்தம் நின்றதும்தான் விழித்தான்.

அலாஸ்காவில் மார்ச் மாதம், மதியம் மூன்று மணி. காற்று தரைப்பனியை வாரி இறைத்ததில் வண்டியின் முகப்புகூடத் தெரியவில்லை.

நடந்ததைச் சொன்னேன். எண்பது மைல் என்று எவன் சொன்னான் என்று கேட்டான். வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கும் அமெரிக்க வரைபடத்தில் அளந்தேன் என்றேன். டெக்சஸில் என் ஊர் லப்பக்கிலிருந்து அமரில்லோ வரை ஒரு கட்டைவிரல், அதாவது நூற்றிருபது மைல். இந்தச் சாலை அதே விரலில் முக்கால்கூட வரவில்லை.

"மச்சான், அந்தப் படத்துல அலாஸ்கா எங்க இருக்கு?"

"கீழ மூலையில. ஒரு பெட்டிக்குள்ள."

"சுவர் பத்தாதுன்னு சுருக்கிப் போட்டிருக்கான். அதைப் போய் டெக்சஸ் கட்டைவிரலால அளந்திருக்க. எங்க அலாஸ்காவை ரெண்டா வெட்டினாக்கூட உங்க டெக்சஸுக்கு மூணாவது இடம்தான்னு உன் கல்யாணத்தன்னிக்கே சொன்னேனே."

சொன்னான். அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது சொல்கிறான். அவர்களுடையது ஐந்து லட்சத்து எழுபதாயிரம் சதுர மைல், எங்களுடையது இரண்டு லட்சத்து அறுபதாயிரம். மாடு நிற்க முடியாத நிலத்தையெல்லாம் கணக்கில் சேர்க்காதே என்பது என் வழக்கமான பதில். இப்போது மாட்டைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

போனில் சிக்னல் இல்லை. நடந்து போகலாமா என்றேன். பத்தடி போனால் திரும்பி வர வண்டி எங்கே என்றே தெரியாது என்றான். யாராவது வருவார்களா என்றேன். டெக்சஸிலிருந்து யாராவது குதிரையில் வருவார்கள் என்றான். அவன் கிண்டல் செய்துகொண்டிருந்தவரை எனக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது.

ஒரு மணி நேரத்தில் எங்கள் மூச்சு கண்ணாடியின் உட்பக்கத்தில் உறைந்தது. இருந்த ஒரே போர்வையை இருவர் காலுக்குமாகச் சுற்றினான். தன் தடித்த கையுறையைக் கழற்றி, நான் மறுக்க மறுக்க என் கையில் மாட்டினான். பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

அவன் வாயைக் கிளற நானே என் தலையைக் கொடுத்தேன். நாட்டிலேயே சின்ன மாநிலமான ரோட் ஐலண்ட் மாதிரி எத்தனை மாநிலம் அலாஸ்காவுக்குள் அடங்கும் என்று கேட்டேன். ஐந்நூற்றைம்பது என்பது அவனுக்குத் தூக்கத்திலும் வரும் பதில். அதற்குப் பிறகு டெக்சஸுக்கு ஒரு குத்து நிச்சயம் உண்டு.

அவன் உறைந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில் வண்டி லேசாக ஆடியது.

"மாப்ளே, விளையாடாம சொல்லு. நாம செத்துருவோமா?"

அவன் என் பக்கம் திரும்பினான்.

"தெரியல மச்சான். சாலையை மூடியிருந்தாங்கன்னா இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு."