டீயில் கரைத்தது

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு முன்னால் சக்கரக் கட்டிலை நிறுத்தி, நர்ஸ் கடைசியாக ஒருமுறை கேட்டாள்.

"ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரையை நிறுத்திட்டீங்கல்ல?"

"நீங்க அஞ்சு நாளைக்கு முன்னாடி நிறுத்தச் சொன்னீங்க. நான் அதை எப்பவோ நிறுத்திட்டேன்" என்றார் கட்டிலில் படுத்திருந்த லாரிக்காரர். வலியில் முகம் வெளிறிக் கிடந்தபோதும் அதில் அவருக்கு ஒரு பெருமை.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியின் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார். முன்பு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தபோது, அந்த டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் ஆள் தங்கமாட்டார். இவரோ மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்து, அவள் அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் வழியாகத் துப்புகிற மனிதர். மல்லுக்கட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். பிறகு மூச்சுக் காட்டாமல் கரண்டியால் நசுக்கி டீயில் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு, "பாத்தியா, மாத்திரை இல்லாமலே எப்படி இருக்கேன்" என்று மார்தட்டிக்கொள்வார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொள்வாள்.

நிறுத்தச் சொன்னது அவள் காதிலும் விழத்தான் செய்தது. ஆனால் அடுப்பு முன்னால் நின்றால் பழைய டாக்டரின் குரல்தான் கேட்டது. நாளைக்கு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நேற்றும் அப்படித்தான் நினைத்தாள்.

"நேத்து காலைல குடுத்தேன்" என்றாள்.

நர்ஸ் உள்ளே ஓடினாள். சர்ஜன் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டபடி வந்தார்.

"தினமுமாம்மா?"

"தினமும். டீல கலந்து."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"தள்ளிப்போட வழியில்ல. காலைலேர்ந்து வலி நிக்கல, காத்திருந்தா இதயம் தாங்காது. இப்ப நெஞ்சைத் திறந்தா ரத்தம் லேசுல நிக்காது. ஆபரேஷன் நடக்கும்போது ரத்தம் ஒரு மெஷின் வழியா ஓடும், அதுல ஒரு வடிகட்டி மாட்டுறோம். மருந்தை அது கொஞ்சம் இழுத்துக்கும். வழியற ரத்தத்தையும் கழுவித் திரும்ப ஏத்துவோம்." முகமூடியைத் திரும்ப ஏற்றிக்கொண்டார். "அஞ்சு நாளைக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்மா."

லாரிக்காரர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ ஏன் கசக்குதுன்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"தூளை மாத்திட்டேன்னு சொன்ன."

அவள் கைமேல் இருந்த தன் கையை அவர் எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். "தள்ளும்மா" என்றார் நர்ஸிடம்.

கதவு மூடிய பிறகு ரத்தப் பைகள் வைத்த பெட்டி ஒன்று உள்ளே போனது. சற்று நேரத்தில் இன்னொன்று. மூன்றாவது பெட்டி ஓட்டமாகப் போனபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கோபத்தோடாவது வரட்டும், காலம் முழுக்கப் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும், வந்தால் போதும் என்று வாய்விட்டே சொன்னாள்.

சாயங்காலம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அவளை விட்டார்கள். அவர் கண் திறக்கவில்லை. மார்பிலிருந்து இறங்கிய குழாய் கட்டிலுக்கடியில் ஒரு பாட்டிலில் முடிந்தது. ரத்தம் எட்டிய மட்டத்தில் மணிக்கொரு தடவை பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். கீழ்க்கோடுகளுக்கு நடுவே ஒரு விரல் அகலம் இருந்தது. மேலே இருந்த இரண்டு மட்டும் கொஞ்சம் நெருங்கியிருந்தன.

"ரத்தம் நின்னுடுச்சாம்மா?"

"குறைஞ்ச மாதிரிதான் இருக்கு. இன்னும் சொல்ல முடியாது" என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

அவர் கை போர்வைக்கு வெளியே மல்லாந்து கிடந்தது. தொடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். கண்ணைப் பாட்டிலின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பேனாவின் மூடியைத் திறந்து, உள்ளே ரத்தத்தின் ஆட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.