ஆம்பளை இல்லாத வீட்டுக்குச் சாட்சி

கதவு தட்டும் சத்தம் கேட்டு, பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இசக்கிச்செல்வி ஈரக்கையோடு ஓடி வந்தாள். அதற்குள் ஏழு வயது மகள் ஸ்வாதி ஜன்னல் வழியே பதில் சொல்லிவிட்டாள்.

“அப்பா உள்ள தூங்குதாவ. அப்புறமா வாங்க.”

வெளியே நின்றவர் தென்காசி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்த ரூபி மேடம். கணவன் கைவிட்டுப் போன வீடுகளில், பிள்ளையின் படிப்புக்காக மாதாமாதம் தரும் உதவித்தொகைக்குச் செல்வி போட்ட மனு அவர் கையில் இருந்தது. லாரி ஓட்டிய கணவன் முத்துச்செல்வம் புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போய் மூன்று வருஷம். செல்விக்குப் பழக்கடைச் சம்பளம் குற்றாலச் சீசனோடு நின்றுவிடும். இந்தத் தொகையும் வராவிட்டால் ஸ்வாதியின் பள்ளிக்கூடமும் நின்றுவிடும்.

“தூங்குதவர எழுப்புங்க, ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்” என்றார் ரூபி.

“ஐயோ மேடம், அப்படிச் சொல்லச் சொல்லி நான்தான் பழக்கி வச்சிருக்கேன்.”

“கொடியில காயுத சட்டையையும் நீங்கதான் பழக்கி வச்சியளோ?”

செல்வி திரும்பிக் கொடியைப் பார்த்தாள்; முத்துச்செல்வம் விட்டுப்போன பழைய சட்டை. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் பக்கத்து லாட்ஜ் நிறைந்துவிடும். குடித்தவர்கள், ரூம் மாறிவிட்டதாகச் சாக்குச் சொல்லி இந்தக் கதவைத் தட்டுவார்கள். அதற்காகவே தினமும் அந்தச் சட்டையை நனைத்துக் கொடியில் போடுவாள். இந்த வாரம் விசாரணை வரும் என்று தெரிந்தும் எடுக்கத் தோன்றவில்லை. ஊருக்குக் காட்டிக் காட்டி, அது அங்கே கிடப்பதே அவள் கண்ணுக்குப் படாமல் போயிருந்தது. ஒருவேளை தானும் கொஞ்சம் நம்பிக்கொண்டுதான் இருந்தோமோ என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

ரூபி உள்ளே போய் அந்த ஒற்றை அறையைப் பார்த்துவிட்டு வந்தார்.

“நான் நம்புதேன்மா. ஆனா அத ரிப்போர்ட்ல எழுத முடியாதுல்லா? இங்கன ஆம்பளை இல்லன்னு பக்கத்துல இருக்கவங்க யாராவது கையெழுத்துப் போடணும். இன்னைக்கே வேணும்.”

ஒரு பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. மறுபக்கம் லாட்ஜ்தான். வேண்டாம் மேடம், போயிருங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. ஸ்வாதி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, செத்த இங்கன வாங்க.”

செல்வி கூப்பிட்டதும் லாட்ஜ் காவலாளி சங்கிலிப்பாண்டி வந்து காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“என்னம்மா இது! மாப்ள ராத்திரி லோடு போய்ட்டு வந்து தூங்குதாவன்னுல்லா சொல்லுவ? ‘ஏலே, லாரிக்காரர் எந்திரிச்சா பல்லு இருக்காது’ன்னு எத்தன பேர வெரட்டியிருக்கேன்! நெசமாவே யாரும் இல்லியா?”

லாட்ஜ் மாடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இருவர் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ரூபி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு செல்வியின் வாயையே பார்த்தார்.

“யாருமில்ல அண்ணாச்சி. நானும் புள்ளையும்தான்.”

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. சங்கிலிப்பாண்டி மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“தொகை எப்ப மேடம் வரும்?”

“எப்படியும் மூணு மாசம் ஆகும்மா.”

மாடியில் இருவரும் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சீசன் தொடங்கி அன்று நாலாவது நாள்.