துண்டுக்கு அடியில் தொண்ணூற்று மூன்று

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முழங்கால் வலிக்காக ஓர் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தேன். பெஞ்சில் யாரோ விட்டுப்போன ஜெராக்ஸ் தாள் கிடந்தது. ஞாபக மறதியை அளக்கும் படிவம். மொத்தம் முப்பது மதிப்பெண். இருபத்து நான்குக்குக் கீழே போனால் மூளையில் கோளாறு இருக்கலாமாம். என் டோக்கன் வர நேரமிருந்தது, சட்டைப் பையில் பேனாவும் இருந்தது. நானே எழுதிப் பார்த்தேன். இருபத்து மூன்று வாங்கினேன்.

ஆகவே இதற்கு மேல் நான் சொல்வதை நம்புவது உங்கள் சொந்தப் பொறுப்பு.

2

முதல் தொடக்கம்: வருசநாட்டு மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல…

வேண்டாம். இந்த வழக்கில் சூரியன் கட்சிக்காரர் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: பேராசை பிடித்த மகன் ஒருவன் இருந்தான்.

இதை எழுதியபோது கை துறுதுறுவென்று ஓடியது. வில்லன் கிடைத்துவிட்டால் பாதிக் கதை முடிந்த மாதிரி. ஆனால் அந்த மகன் சுரேஷ்கண்ணனைப் பேசவிட்டதும் எல்லாம் கெட்டுப்போனது.

"அப்பா ரெண்டு தடவை காஸை அணைக்காமப் படுத்துட்டாக சார். பக்கத்து வீட்டுல மோந்து பாத்து வந்து கதவைத் தட்டுனாக. மூணாவது தடவை யாரும் தட்டலைன்னா? நான் மதுரையில வேலையை விட்டுட்டு இங்கன வந்து உக்காந்தா என் பிள்ளைக சாப்பாட்டுக்கு என்ன செய்ய?"

பதில் தெரியாததால் அந்த வரியை அடித்துவிட்டேன். வில்லனும் போனான்.

மூன்றாம் தொடக்கம்தான் நிலைத்தது. ஆண்டிபட்டிப் பக்கம் ஈஸ்வரபாண்டி என்று ஒருவர். எழுபத்தெட்டு வயது. ஆயுள் முழுக்க மாட்டுத் தரகு. மனைவி ராக்கம்மாள் இறந்து நான்கு வருடமாகிறது. வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பாவுக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் திறன் போய்விட்டது, என்னைக் காப்பாளராக நியமியுங்கள் என்று மகன் சுரேஷ்கண்ணன் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறான். நியமித்தால் அவரை மதுரையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வீட்டைப் பூட்டுவான். ஈஸ்வரபாண்டி எல்லாரிடமும் ஒன்றையே சொல்கிறார்: "நான் என் வீட்டை விட்டு வரல." இந்தப் பதிலுக்குப் படிவத்தில் மதிப்பெண் கிடையாது. அதனால் நீதிமன்றம் அவரைப் பரிசோதிக்க டாக்டரிடம் அனுப்பியது.

(எந்த நீதிமன்றம் என்று கேட்காதீர்கள். டாக்டருக்கு வந்த கடிதத்தில் அடுத்த விசாரணை ஜூன் 31 என்று போட்டிருந்தது. பெயரைச் சொன்னால் அடுத்து என்னைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.)

3

டாக்டரை முதலில் ஆணாகத்தான் எழுதியிருந்தேன். பிறகு ஜாய்ஸ் ஆனாள். ஏன் என்று சீக்கிரம் தெரியும்.

ஜாய்ஸ் போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காமராஜின் மகள். மனநல மருத்துவம் படித்து வேலைக்கு வந்து ஆறு மாதம். நீதிமன்றக் கடிதம் கையில் வாங்குவது இதுதான் முதல் தடவை. நோயாளியைவிட அவளுக்குத்தான் படபடப்பு அதிகமாக இருந்தது. கையெழுத்துப் போடப்போவது அவள். நாளைக்குக் கூண்டில் ஏறி வக்கீலுக்குப் பதில் சொல்லப்போவதும் அவள்.

"ஐயா, இன்னைக்கு என்ன தேதி?"

ஈஸ்வரபாண்டி யோசித்தார். தெரியவில்லை. மாதம், வருடம் இரண்டும் தெரியவில்லை. சரியான விடையை எழுத வேண்டுமே என்று ஜாய்ஸ் மேசையிலிருந்த நீதிமன்றக் கடிதத்தைப் பார்த்தாள். அதிலிருந்த ஜூன் 31 கண்ணில் பட்டுக் குழப்பம் அதிகமானதால் போனைப் பார்த்து எழுதிக்கொண்டாள். போனைப் பார்ப்பவர்களுக்கு மதிப்பெண் குறைப்பதா என்று படிவம் எதுவும் சொல்லவில்லை.

ஊர், மாவட்டம், பருவம் எல்லாம் சரியாகச் சொன்னார். மாம்பழம், சாவி, குடை என்ற மூன்று சொற்களை நினைவில் வைக்கச் சொன்னாள். திரும்பக் கேட்டபோது மூன்றும் போயிருந்தன. ஆக, இதுவரை ஆறு மதிப்பெண் போயிற்று.

"நூறுல ஏழு போனா எவ்வளவு?"

ஈஸ்வரபாண்டி பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார். வாசலில் நின்ற நர்ஸ் பாண்டீஸ்வரியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசைமேல் இருந்த ஜாய்ஸின் கைமேல் போட்டார். தன் கையையும் அதற்குள் விட்டு அவள் விரல்களைப் பிடித்தார்.

ஜாய்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறதி முற்றியவர்கள் தொடக்கூடாத இடத்தில் தொடுவார்கள் என்று புத்தகத்தில் படித்திருக்கிறாள். (ஆண் டாக்டராக இருந்தால் கதை இந்த இடத்தில் சும்மா போயிருக்கும்.) அவள் கையை உதறப் போனபோது பாண்டீஸ்வரி உள்ளே வந்தாள்.

"கையை எடுக்காதீக டாக்டரம்மா. எடுத்தா வியாபாரம் முறிஞ்சு போகும். தரகர் கணக்குச் சொல்றாக."*

"வாயால சொல்லலாமே."

"நாலு பேர் நிக்கையில எந்தத் தரகர் வாயால சொல்லுவாக?"

ஜாய்ஸ் கையை எடுக்காமல் அப்படியே வைத்தாள். முதலில் ஐந்து விரலும் சேர்த்து ஒரு பிடி. பிறகு நான்கு. கொஞ்சம் இடைவெளி. பிறகு மூன்று. ஐந்தும் நான்கும் ஒன்பது, பக்கத்தில் மூன்று என்று அவள் மனதில் எழுதிப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று.

"அதுல இன்னொரு ஏழு?"

ஐந்து, மூன்று. இடைவெளி. ஐந்து, ஒன்று. எண்பத்தாறு. அப்படியே எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. ஒரு பிடி பிசகவில்லை. மகன் போனில் கால்குலேட்டரைத் திறந்துவைத்துக் காத்திருந்தான்.

"எனக்கு ஒன்னும் கேக்கலையே டாக்டர்" என்றான் சுரேஷ்கண்ணன்.

"கேக்கக் கூடாதுன்னுதானே துண்டு" என்றார் ஈஸ்வரபாண்டி.

* மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டால் கையை மூடி, விரலைப் பிடித்தே முடித்துவிடுவார்கள். ஐம்பது வருடம் அப்படி இருந்தவரிடம் எண்ணை உரக்கச் சொல் என்பது, நம்மைக் கடைத்தெருவில் வேட்டியை அவிழ்க்கச் சொல்வது போல. [இந்த உவமை நீதிமன்றத்துக்குப் பொருந்தாது. எடுத்துவிட வேண்டும்.]

4

கடைசியில் ஒரு கேள்வி உண்டு: மனதில் தோன்றும் ஒரு வாக்கியம் எழுதுக. எழுவாயும் பயனிலையும் இருந்து அர்த்தம் வந்தால் ஒரு மதிப்பெண்.

நான் இந்தக் கேள்வியில்தான் தோற்றேன். வராந்தாவில் மூன்று வாக்கியம் ஆரம்பித்து மூன்றையும் அடித்தேன்.

ஈஸ்வரபாண்டி தயங்கவில்லை. நிறுத்தி நிதானமாக எழுதினார்:

ராக்கம்மா பால் சொசைட்டியிலிருந்து வந்தால் நான் கதவைத் திறக்கணும்.

ஜாய்ஸ் அதை இரண்டு முறை படித்தாள். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, அர்த்தமும் நன்றாகவே இருக்கிறது. ஒரு மதிப்பெண் போட்டாள். போட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் சும்மா பேனா மூடியைத் தேடினாள். அவளுக்கு அழுகை வந்தது.

"கதவு உள்தாழ் ஆத்தா. வெளிய நின்னு எம்புட்டு நேரம் தட்டுவா" என்றார் அவர்.

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

5

ஜாய்ஸ் அனுப்பிய அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன. வாயால் சொன்னதை மட்டும் சேர்த்தால் பத்தொன்பது. துண்டுக்கு அடியில் சொன்னதையும் சேர்த்தால் இருபத்து நான்கு. முதல் கணக்கில் அவர் மதுரைக்குப் போக வேண்டும். இரண்டாவதில் மயிரிழையில் வீட்டில் இருக்கலாம்.

மகனின் வக்கீல் விடவில்லை. துண்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி யார் என்றார். யாரும் பார்க்கவில்லை. எனவே துண்டையே சாட்சியமாகக் கேட்டு வாங்கி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, எண் கொடுத்து அலமாரியில் பூட்டினார்கள். துண்டு வாய் திறக்கும் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ.

6

முடிவுகள்.

அ) அவர் வீட்டிலேயே இருக்கிறார். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் மாதம் ஒரு காலை காஸ் அடுப்பை…

ஆ) மதுரை இல்லம். நல்ல கட்டில், நேரத்துக்குச் சோறு. எந்தக் கதவு தட்டப்பட்டாலும் அவர் எழுந்து திறக்கப் போகிறார். பதிவேட்டில் 'அலைச்சல்' என்று எழுதி மாத்திரை ஒன்று…

இ) விசாரணை ஜூன் 31. அப்படி ஒரு நாள் வரவே வராது என்பதால் வழக்கு அப்படியே நிற்கிறது. யாருக்கும் பாவமில்லை. எனக்கு இதுதான் பிடித்திருந்தது. ஆனால் பொன்னுராஜ் என்ற குமாஸ்தா, முப்பது வருடத்தில் முதல் தடவையாக, தவறைக் கண்டுபிடித்து ஜூலை 1 என்று திருத்திவிட்டார்.

7

எனவே ஜூலை 1. நீதிபதி தானே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்.

"பெரியவரே, நூறுல ஏழு போனா எவ்வளவு?"

ஈஸ்வரபாண்டி சுற்றிலும் பார்த்தார். வக்கீல்கள், மகன், போலீஸ்காரர், அடுத்த வழக்குக்கு வந்த பத்துப் பேர். கை தோளுக்குப் போனது. அங்கே துண்டு இல்லை. துண்டு அலமாரியில் இருக்கிறது; எடுக்கத் தனி மனுப் போட வேண்டும்.

"பதில் சொல்ல இயலவில்லை என்று பதிவு செய்யணும்" என்றார் வக்கீல்.

ஜாய்ஸ் எழுந்து வந்தாள். தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஈஸ்வரபாண்டியின் கைமேல் போட்டு மூடினாள். பிறகு நீதிபதியைப் பார்த்தாள். கோட்டுக்கு அடியில் இன்னொரு கை வேண்டும்.

நீதிபதி கையை நீட்டினார் என்று எழுதினேன். அடித்தேன். நீட்டவில்லை என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இருபத்து மூன்று வாங்கியவன் இதைத் தீர்மானிக்கக் கூடாது.

நீங்கள் கையைக் கொடுங்கள். இதோ, கோட்டுக்குள். அவர் பிடிப்பது தெரிகிறதா? ஐந்து. நான்கு. இடைவெளி. மூன்று. கணக்குச் சரி. ராக்கம்மாள் வரமாட்டாள் என்பதும் சரி. அடுப்பும் ஞாபகம் இருக்கட்டும்.

இனி உங்கள் முறை. வீடு என்றால் ஒரு விரல், மதுரை என்றால் இரண்டு விரல் பிடியுங்கள். கையை மட்டும் உருவிக்கொள்ளாதீர்கள். வாயாலும் சொல்ல வேண்டாம். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.